எட்டாம் நம்பர் பிளக்

முதலில் ஒரு மன்னிப்பு. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதிரில் இருப்பவர் கொஞ்சம் சத்தமாகப் பேசினாலே என் குரல் தொண்டைக்குள் ஒளிந்துகொள்ளும். அப்படிப்பட்டவள் வாராவாரம் இந்தப் பத்திரிகையில் இரண்டு பக்கத்தை எடுத்துக்கொள்வது அதிகப்படிதான். போன வாரம் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகி, "மோட்டார் சைக்கிள் சாமான் கடையில் வேலை என்று சொன்னீர்களே, அதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டிருந்தார்.

எழுதாததற்குக் காரணம் உண்டு. கடையைப் பற்றி எழுதினால் நான் செய்த ஒரு தப்பையும் எழுத வேண்டிவரும். நான் பெருமையாக நினைக்கும் காரியமும் அதே நாளில்தான் நடந்தது. ஒன்றை மறைத்துவிட்டு இன்னொன்றை எழுத வழியில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அணையாத வண்டி

அது மாசி மாதம். குலசேகரத்தைச் சுற்றியுள்ள ரப்பர் மரமெல்லாம் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். மலை ரோட்டில் நிழல் என்பதே இருக்காது.

காலை பத்து மணி இருக்கும். கவுண்டரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். மலைப்பக்கமிருந்து சாகுல் காக்காவின் வண்டி இறங்கி வந்தது. காக்கா என்றால் முஸ்லிம் வீடுகளில் அண்ணன். அவர் தேங்காப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவருகிறவர். எங்கள் தெருவில் எல்லாருக்கும் அவர் காக்காதான்.

வண்டியைப் பார்க்காமலே தெரியும். பழைய டூ ஸ்ட்ரோக், நூறு சிசி. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றி ஓட்ட வேண்டிய வகை. இப்போது இந்தப் பக்கத்தில் அது மாதிரி மூன்றோ நான்கோதான் ஓடுகின்றன.

ஆனால் அந்த நேரத்தில் அவர் பேச்சிப்பாறைக்கு மேலே எஸ்டேட் தொழிலாளர் லயங்களில் மீன் விற்றுக்கொண்டிருக்க வேண்டும். பின்னால் கட்டியிருந்த பெட்டி நிறைய மீன் அப்படியே இருந்தது. பெட்டியின் அடியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது.

எங்கள் கடைக்குப் பக்கத்து அறைதான் வின்சென்ட்டின் ஒர்க்‌ஷாப். அதன் முன்னால் வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பினார்.

வண்டி அணையவில்லை. சாவி திரும்பிய பிறகும் இரண்டு மூன்று தரம் உதறி, முக்கி, பிறகுதான் நின்றது.

என் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

"உருட்டிட்டு வந்தேன்"

"எங்க வச்சு நின்னு போச்சு?" என்று வின்சென்ட் கேட்டான்.

"அணை தாண்டி ரெண்டாவது வளைவு. மேடு ஏறும்போ டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம். பொறவு பின்சக்கரம் அப்படியே இறுகிட்டு. ஆற வச்சு, எறக்கத்துல உருட்டி, கீழ வந்து கிக்கர் அடிச்சேன்." காக்கா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "இந்த மாசத்துல இது மூணாவது."

"நான் அண்ணைக்கே சொன்னேனா இல்லியா? எஞ்சினுக்க ஆயுசு முடிஞ்சாச்சு காக்கா. ஆயிலும் கூட்டி ஊத்திப் பாத்தாச்சு. நீரு கீழ வந்து போன் பண்ணின உடனே ஆக்கர்காரனுக்குச் சொல்லியாச்சு. பன்னெண்டு மணிக்கு வண்டி கொண்டு வருவான். தூக்கிக் குடுத்துட்டு நிம்மதியா இரும்."

ஆக்கர்காரன் என்றால் பழைய இரும்பு எடுக்கிறவன்.

காக்கா துண்டைத் தோளில் போட்டார். வண்டியின் டேங்க்கில் கையை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர் கதை தெரியும். சவுதியில் பத்தொன்பது வருஷம் இருந்து, இனி போவதில்லை என்று முடிவெடுத்து வந்தவர். முதலில் கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் தெருத்தெருவாக மீன் விற்றார். அங்கே மினி லாரிகள் வந்தபிறகு, நாலைந்து மாதத்துக்கு முன்னால் லாரி ஏறாத எஸ்டேட் ரோட்டைப் பிடித்தார். இந்த வண்டி போனால் மலை லைன் போயிற்று.

"மருமகன் ஒரு விசா இருக்குன்னு சொல்லுகான்," என்றார் யாரையும் பார்க்காமல். "கட்டடத்துக்குக் காவல் வேலையாம். இருந்தே பாக்கலாமாம்."

அதைக் கேட்டபிறகு எனக்குக் கவுண்டருக்குள் இருக்க முடியவில்லை. ஏன் என்று சொல்ல, பின்னால் கொஞ்சம் போக வேண்டும்.

பொட்டலத்தில் வரும் பிளக்

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று. எஞ்சினுக்குள் தீப்பொறி தரும் பிளக்கை வாங்க வருகிறவர் வண்டி எது என்று சொல்ல மாட்டார். கழற்றிய பழைய பிளக்கைப் பேப்பரில் பொதிந்து கொண்டுவந்து கவுண்டரில் வைத்து, "இதேபோல ஒண்ணு" என்பார். தீப்பெட்டிக்குள் வந்திருக்கிறது. வெற்றிலையில் சுருட்டி வந்திருக்கிறது. ஒரு சர்ச் உபதேசியார் சபைக் கடித உறையில் போட்டு, ஒட்டியே கொண்டுவந்தார்.

எனக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும். பேச வேண்டியதில்லை. பொட்டலத்தைப் பிரித்து, நம்பரைப் பார்த்து, அதேபோல ஒன்றை எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. அந்தக் கடையில் பதினொரு வருஷம் நான் அதிகமாகப் பேசிய சொல் "இருங்க" என்பதாகத்தான் இருக்கும்.

பேசாதவர்களுக்குப் பார்க்க நேரம் இருக்கும். ஒவ்வொரு பிளக்கின் மூக்கையும் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மூக்கு என்று நான் சொல்வது எஞ்சினுக்குள் இருக்கும் வெள்ளைப் பீங்கான் முனையை. அது சுக்குக் காப்பி நிறத்தில் இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. கரி அப்பி ஈரமாக இருந்தால் ஆயிலோ பெட்ரோலோ அதிகம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தால் உள்ளே சூடு தாங்கவில்லை.

இதை யாரும் சொல்லித்தரவில்லை. பெட்டிக்குள் வரும் மடித்த தாளில் படம் போட்டிருப்பார்கள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, வந்த பழைய பிளக்குகளோடு ஒத்துப் பார்ப்பேன். "எஸ்தருக்க கிட்ட பிளக்க குடுத்தா எஞ்சினுக்க வயித்த வாசிச்சுப் போடுவா" என்று ஒருதரம் ஒரு டாக்சிக்காரர் சொன்னார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

என் கையெழுத்து

என்னை அந்தக் கடையில் எடுத்ததே கையெழுத்துக்காகத்தான். அலமாரித் தட்டுகளில் சீட்டு எழுதி ஒட்ட ஆள் தேடினார் முதலாளி. எங்கள் சபையில் பைபிள் வசனப் பலகை எழுதுவது நான். அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். ஒரு வாரத்து வேலை என்றுதான் போனேன்.

அப்போது பிளக் தட்டு அலங்கோலமாகக் கிடந்தது. இரண்டு கம்பெனிப் பெட்டிகளும் கலந்து கிடந்தன. நான் எல்லாவற்றையும் இறக்கி நம்பர் வாரியாக அடுக்கினேன். ஐந்து ஒரு வரிசை, ஆறு ஒரு வரிசை, ஏழு, எட்டு. ஒவ்வொரு வரிசைக்கும் கீழே அழகாகச் சீட்டு. முதலாளி பார்த்துவிட்டு, "இனி கண்ண மூடிட்டு எடுக்கலாம்" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாகுல் காக்கா பொட்டலத்தோடு வந்தார். கரி அப்பிய பிளக். எட்டாம் நம்பர். அந்தக் கம்பெனி எட்டு தீர்ந்துபோயிருந்தது. அதே வரிசையில், பக்கத்தில், மற்றக் கம்பெனியின் எட்டு இருந்தது. மரையும் ஒன்று, நீளமும் ஒன்று. எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துத் திரும்ப வந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. ஆனால் அவர் வந்தது என்னைப் புகழ. "தெருவு தெருவா நிறுத்தி நிறுத்திப் போனாலும் ஒரு பொட்டு கரி பிடிக்கல்ல. உனக்க கைராசி பிள்ளே!" என்றார். அந்தப் பெருமையையும் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறேன்.

கவுண்டருக்கு வெளியே

இப்போது அந்த மாசி மாதக் காலைக்கு வருகிறேன்.

சாவியைத் திருப்பியும் வண்டி உதறியது ஏன்? தீப்பொறி நின்றபிறகும் உள்ளே ஏதோ ஒன்று கங்கு மாதிரி பழுத்து நின்று பெட்ரோலைப் பற்றவைக்கிறது. அது பிளக் மூக்காகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் வண்டியில் இருப்பது எட்டு. எட்டு என்றால் சூட்டை உடனே வெளியே விடும் குளிர்ந்த பிளக். அது பழுக்கக் கூடாதே.

கவுண்டரின் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். எதிர் டீக்கடை பெஞ்சில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது.

"வின்சென்ட்டு, அந்தப் பிளக்க ஒண்ணு கழத்திக் காட்டுதியா?"

அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. அந்த உரிமை அவனுக்கு எப்போதும் உண்டு.

"ஏட்டி எஸ்தரே, நீ உள்ள போயி பெட்டிய அடுக்கு. டீச்சரு பேரு கேட்டா எழும்பி நின்னு அழுத பெண்ணு, இப்ப எஞ்சின் பாக்க வந்திருக்கா!"

பெஞ்சில் சிரித்தார்கள். நான் உள்ளே போயிருப்பேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன். ஆனால் அந்த விசா காதுக்குள்ளேயே நின்றது.

"கழத்து," என்றேன். இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது, முதல் தரம் சத்தம் வரவில்லை.

துணியை வைத்துப் பிடித்துக் கழற்றிக் கொடுத்தான். மூக்கு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. முனைக் கம்பியின் ஓரங்கள் உருகி மழுங்கியிருந்தன. வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிஸ்டன் உருகினால் அதன் பொடி கருமணல் மாதிரி மூக்கில் ஒட்டியிருக்கும். ஒன்றும் இல்லை. பிளக்கைத் திரும்ப மாட்டச் சொல்லி, கிக்கரை என் கையால் அமுக்கிப் பார்த்தேன். நல்ல இறுக்கம், உள்ளே தேய்மானம் இல்லை.

"எஞ்சின் போகல்ல," என்றேன்.

"பொறவு? பிளக்கு எட்டாக்கும். இந்த வண்டிக்கு எட்டுதான். எனக்குத் தெரியாதா?"

அவன் சொன்னது சரி. உள்ளே போய் எட்டாம் வரிசையிலிருந்து இரண்டு கம்பெனிப் பெட்டியையும் எடுத்து, இரண்டு தாளையும் கவுண்டரில் விரித்தேன். இவ்வளவு நாளும் முதல் கம்பெனித் தாளைத்தான் நான் படித்திருக்கிறேன். மற்றதில் நிறப் படம் கிடையாது, அதனால் பிரித்ததே இல்லை. முதல் தாளில் நம்பர் கூடக்கூடப் பிளக் குளிர்ந்தது என்று அம்பு போட்டிருந்தது. மற்றத் தாளிலும் அம்பு இருந்தது. எதிர்ப்பக்கமாக.

அந்தக் கம்பெனியில் நம்பர் கூடினால் சூடு.

இரண்டு எட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்த தட்டை நிமிர்ந்து பார்த்தேன். கீழே, வளைவு நெளிவெல்லாம் அழகாக, என் கையெழுத்தில் எட்டு.

சொன்னது

வண்டி ஓட்டாத வாசகர்களுக்காக ஒரு நிமிஷம். எஞ்சினுக்குள் ஏறும் சூட்டைச் சட்டென்று வெளியே கடத்துவது குளிர்ந்த பிளக். மூக்கிலேயே வைத்துக்கொண்டிருப்பது சூடான பிளக். வீட்டுக்கு வீடு நின்று போகும் வண்டிக்குச் சூடான பிளக் சுகம், கரியை எரித்துவிடும். அதே பிளக்கோடு ஒரு பெட்டி மீனையும் ஐஸையும் சுமந்துகொண்டு இரண்டாவது கியரில் மலை ஏறினால், மூக்கு பழுத்து, நேரத்துக்கு முன்னாலேயே தீ வைத்துவிடும். காக்கா தெருவை விட்டு மலைக்குப் போகும்வரை என் தப்பு தூங்கிக்கொண்டிருந்தது.

பேசாமல் சரியான பிளக்கை எடுத்து, "இத போட்டுப் பாருங்க" என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படிச் செய்யத்தான் முதலில் நினைத்தேன். வாசலுக்கு வந்தபோது காக்கா பெட்டியின் மூடியைத் திறந்து ஐஸ் எவ்வளவு மிச்சம் என்று கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"காக்கா, நான்தான் தப்பான பிளக்கு தந்தேன்."

"நீயா? போ பிள்ளே. உனக்க பிளக்குதான் எனக்கு கரி பிடிக்காமக் காப்பாத்திச்சு."

"அதுதான் காக்கா தப்பு. கரி பிடிக்காம இருந்ததே சூடு கூடினதுனாலதான். ரெண்டு கம்பெனிக்கும் நம்பரு தலகீழு. நான் ரெண்டையும் ஒண்ணா அடுக்கி வச்சு, எட்டுக்கு எட்டுன்னு எடுத்துத் தந்துட்டேன்."

நான் அவ்வளவு நீளமாக அந்தத் தெருவில் பேசியதே இல்லை. வின்சென்ட் இரண்டு தாளையும் வாங்கி, முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் அம்புகளைத் தொட்டுப் பார்த்தான்.

"சவம்," என்றான் கடைசியில். "அப்ப நானும்லா மூணு மாசமா பொட்டன் மாதிரி ஆயில கூட்டிக்கூட்டி ஊத்தினேன்!"

"நீ என்ன செய்வே? எனக்க கையெழுத்த நம்பின."

சரியான எட்டை நான் எடுத்துக் கொடுத்தேன். முனை இடைவெளியை அவன் பார்த்து முடுக்கினான். டேங்க்கிலிருந்த பெட்ரோலை இறக்கிவிட்டு, ஆயிலை அளவாகக் கலந்து ஊற்றினோம். காக்கா கிக்கரை அடித்தார். இரண்டாவது அடியில் பிடித்தது.

"ஏறிப் பாக்கேன்," என்றார். "பாதி வழியில நிண்ணா மீனெல்லாம் உனக்க வீட்டுக்கு. ஊரு முழுக்கக் கொழம்பு வச்சுக் குடு."

ஆக்கர்காரர் குடித்த டீ

அவர் போனபிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. சரிதானா? தாளைத் திரும்பவும் பார்த்தேன். மேட்டில் பின்சக்கரம் இறுகினால் வண்டி ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். இரண்டாவது வளைவுக்குக் கீழே பள்ளம். அணை தாண்டினால் போனுக்கு சிக்னலும் கிடையாது.

பன்னிரண்டு மணிக்கு ஆக்கர்காரர் லோடு ஆட்டோவில் வந்தார்.

"வண்டி எங்க?"

"மலைக்குப் போயிருக்கு," என்றான் வின்சென்ட்.

"செத்த வண்டின்னுலா சொன்னே?"

"செத்ததுதான். ஆனா நடக்கப் போயிருக்கு. நீரு ஒரு டீ குடியும்."

அவர் இரண்டு டீ குடித்தார். ஒரு மணி ஆயிற்று. என் சோற்றுப் பாத்திரத்தை நான் திறக்கவில்லை. வின்சென்ட் வேலை செய்கிற மாதிரி ஒரே நட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். நடுவில் வாசலுக்கு வந்து, "ஏட்டி, சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு மணிக்கு முன்னால் ஹாரன் கேட்டது. மீன்காரர்களின் ரப்பர்ப் பந்து ஹாரன். காக்கா அதை விடாமல் அமுக்கிக்கொண்டே வந்தார், மீன் விற்கிற மாதிரி.

பெட்டி காலி. மூடி திறந்து ஆடிக்கொண்டிருந்தது.

"மேல கோயில் வரைக்கும் போனேன். இண்ணு வரைக்கும் அங்க இந்த வண்டி ஏறினதே இல்ல. டிக்குன்னு ஒரு சத்தம் இல்ல, கேட்டியா? ஒரு சாளை மீன் கூட மிச்சமில்ல. உனக்குத் தரதுக்கு ஒண்ணும் இல்ல பிள்ளே."

பிறகு சாவியைத் திருப்பினார்.

வண்டி அந்த நொடியே அடங்கியது.

வின்சென்ட் ஸ்பேனரை எடுத்துவந்து பிளக்கைக் கழற்றினான். தானே பார்க்கவில்லை. துணியோடு என்னிடம் நீட்டினான்.

"நீ பாரு."

கவுண்டரிலிருந்து வெளியே வந்து வாங்கினேன். துணி வழியாகச் சூடு கையில் ஏறியது. மூக்கைச் சுற்றி இலேசாக, இப்போதுதான் படிய ஆரம்பித்த சுக்குக் காப்பி நிறம்.

"நல்லா இருக்கு," என்றேன். முதல் தரத்திலேயே சத்தம் வந்தது.

ஆக்கர்காரர் மூன்றாவது டீயைச் சொல்லிவிட்டு, "அப்ப எனக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார். வின்சென்ட் ஒரு பழைய சைலன்சரைத் தூக்கிக் கொடுத்தான்.

இந்தக் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் தப்பைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆனால் என் வாழ்நாளில் எதற்காவது நிமிர்ந்து நின்றிருக்கிறேன் என்றால், அது அந்தத் தெருவில், அந்தச் சூட்டுத் துணியோடுதான்.

மறுநாள் கடையை அரை மணி முன்னால் திறந்தேன். பிளக் தட்டை முழுவதும் இறக்கி, கம்பெனி வாரியாகத் திரும்ப அடுக்கி, புதுச் சீட்டு எழுதி ஒட்டினேன். பதினொரு மணிக்கு ஒருவர் பேப்பர்ப் பொட்டலத்தோடு வந்து, "இதேபோல ஒண்ணு" என்றார். வண்டி எது, எந்த ரோட்டில் ஓடுகிறது என்று கேட்டேன். சொன்னார்.